தாடைக்குள் ஒரு பேரம்

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், செயின்ட் அகஸ்டின் நகரத்து முதலைப் பண்ணையில் கிரிகரி எரிக்சன் என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் பல ஆண்டுகள் ஒரு விசித்திரமான வேலையில் ஈடுபட்டிருந்தார்கள். முதலையைக் கயிறு போட்டு அடக்குவார்கள். நீண்ட கழியின் முனையில் பொருத்திய விசைமானியை அதன் வாய்க்குள் நீட்டுவார்கள். அது கடித்ததும் எண்ணைக் குறித்துக்கொள்வார்கள். அன்றைய கணக்கில் உலகில் இருந்த 23 முதலை இனங்களின் கடியையும் அளந்து 2012-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். உவர்நீர் முதலை ஒன்று பின்பல்லால் 16,414 நியூட்டன் விசையுடன் கடித்திருந்தது. ஏறக்குறைய 1,670 கிலோ எடை ஒரே பல்லின் வழியாக இறங்குவதற்குச் சமம் அது. உயிருள்ள விலங்கிடம் அதுவரை நேரடியாக அளந்ததில் அதுவே உச்சம். செய்திகளில் அடிபட்டது இந்த எண்தான். ஆனால் அதே ஆய்வில் இன்னொரு முடிவும் இருந்தது. என் பார்வையில் அதுதான் பெரியது. முகவாய் அகன்ற முதலையோ ஒடுங்கிய முதலையோ, ஊசிப்பல் கொண்டதோ மழுங்கிய பல் கொண்டதோ, உடல் எடையைக் கணக்கில் சேர்த்துப் பார்த்தால் அநேகமாக எல்லாமே ஒரே அளவு வலிமையோடுதான் கடிக்கின்றன. வட இந்திய ஆறுகளில் மீன் பிடித்து வாழும் கரியால் முதலை மட்டும் இந்த வரிசையில் சற்று விலகி நின்றது.

விலங்கின் முகத்தையும் பல்லையும் பார்த்துக் கடியை எடை போடுவதே நம் வழக்கம். எரிக்சனின் முதலைகள் அந்த வழக்கத்தைக் கேள்வி கேட்கின்றன. கடியை உண்டாக்கும் எந்திரம் பல்லுக்கு வெகு பின்னால், தாடை மண்டையோட்டோடு சேரும் மூட்டைச் சுற்றி இருக்கிறது. அந்த எந்திரத்தைப் புரிந்துகொண்டால் இன்னொன்றும் விளங்கும். வலிய கடியை எந்த விலங்கும் இலவசமாகப் பெற்றதில்லை. வாய் திறக்கும் அகலம், மூடும் வேகம், மண்டையில் உள்ள இடம், பல்லின் ஆயுள் என்று ஏதோ ஒன்றை விட்டுக்கொடுத்துத்தான் அதை வாங்குகிறது. ஆகவே, ‘எந்த விலங்கின் கடி வலியது’ என்று கேட்டு ஒற்றை எண்ணைப் பதிலாக வாங்கிக்கொண்டு போவதில் பயன் அதிகமில்லை. எதை விட்டு எதை வாங்கியது என்று கேட்டால்தான் விலங்கு பிடிபடும்.

பாக்குவெட்டி பிடித்தவர்களுக்கு இதில் பாதி தெரிந்ததுதான். கொட்டைப்பாக்கை நுனிப்பக்கம் வைத்தால் நழுவும். கீலுக்கு அருகே தள்ளி வைத்தால் இரண்டாகும். தாடையும் கீல் போட்ட நெம்புகோல். ஆனால் பாக்குவெட்டியில் அழுத்தும் கை கோடியில் இருக்கிறது, பாக்கு கீலை ஒட்டி இருக்கிறது. தாடையிலோ, அழுத்துகிற தசை கீலை ஒட்டி உட்கார்ந்துகொண்டு, கடிபடும் பொருளைக் கோடியில் விட்டுவிடுகிறது. விசைக் கணக்கில் இது நஷ்டம். தசை இழுக்கும் கோடு மூட்டிலிருந்து 4 செ.மீ. தொலைவிலும் கோரைப்பல் 12 செ.மீ. தொலைவிலும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தசை 900 நியூட்டன் இழுத்தால் கோரைப்பல்லுக்கு 300 தான் போய்ச்சேரும். 6 செ.மீ. தொலைவிலுள்ள கடைவாய்ப்பல்லுக்கு 600 கிடைக்கும். மிச்ச விசை மூட்டின் மேல் சுமையாக இறங்கும். பதிலுக்குக் கிடைப்பது வேகம்: தசை ஒரு செ.மீ. சுருங்கும் நேரத்தில் கோரைப்பல் மூன்று செ.மீ. நகர்ந்துவிடுகிறது. இது வெறும் காகிதக் கணக்கு இல்லை. மயக்கத்தில் இருந்த நாய்களின் தாடைத் தசைகளை மின்சாரத்தால் தூண்டி அளந்த ஓர் ஆய்வு 2008-ல் வெளியானது. கோரைப்பல்லில் 147 முதல் 926 நியூட்டன் வரை இருந்த கடி, கடைவாயில் 574 முதல் 3,417 வரை போயிற்று. நாய் அதேதான், தசையும் அதேதான். மாறியது பல் இருந்த தூரம் மட்டும். முதலைகளின் புதிரும் இங்கே பாதி அவிழ்கிறது. எரிக்சன் குழுவின் உச்ச அளவுகள் பின்பற்களில் எடுக்கப்பட்டவை. முகவாய் முன்னால் எவ்வளவு நீண்டாலும் பின்பல்லுக்கும் மூட்டுக்கும் உள்ள தூரம் அதனால் பெரிதாக மாறுவதில்லை. நீண்டு ஒடுங்கிய முகவாயின் நுனியில் விசை குறையத்தான் செய்யும். ஆனால் தண்ணீருக்குள் தலையைப் பக்கவாட்டில் வீசி மீனைப் பிடிக்கிற முதலைக்கு நுனியில் வேண்டியது வேகமே.

அடுத்து தசை. தசை எவ்வளவு விசை தரும் என்பதை அதன் நீளமோ எடையோ முடிவு செய்வதில்லை. குறுக்குவெட்டுப் பரப்புதான் முடிவு செய்கிறது. சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 30 நியூட்டன் என்பது பொதுவாக எடுத்துக்கொள்ளும் கணக்கு. விலங்குக்கு விலங்கு இதில் பிரமாதமான வேறுபாடு இல்லை. எனவே கடி கூட வேண்டுமானால் தசை தடிக்க வேண்டும், அல்லது அதே இடத்தில் அதிக இழைகளை அடைக்க வேண்டும். தாடைத் தசைகள் இரண்டாவது வழியையும் பயன்படுத்துகின்றன. இழைகள் நேராக ஓடாமல் நடுவே உள்ள தசைநாணில் சாய்வாக வந்து சேர்கின்றன. அப்படி அடுக்கினால் குறுகிய இழைகள் நிறையக் கொள்ளும். ஆனால் குறுகிய இழை அதிகம் நீளாது. அதற்கான விலையைப் பிறகு பார்ப்போம். பற்களை இறுகக் கடித்துக்கொண்டு நெற்றிப்பொட்டில் விரலை வைத்தால் அங்கே ஒரு தசை புடைப்பது தெரியும். காதுக்கு முன்னால் கன்னத்தில் இன்னொன்று. ஊனுண்ணிகளில் பொட்டுத்தசை பெருத்திருக்கும். புலியின் மண்டையோட்டு உச்சியில் ஓடும் எலும்பு வரப்பு அந்தத் தசை பற்றிக்கொள்வதற்காக எழுந்ததுதான். அரைத்துத் தின்னும் மாட்டுக்கும் குதிரைக்கும் கன்னத்தசை பெரிது. தட்டையான மண்டை கொண்ட முதலைக்கு மேலே இடமில்லை. அதனால் அண்ணத்துக்குப் பின்னாலிருந்து இறங்கிக் கீழ்த்தாடையின் பின்முனையைச் சுற்றி வளைத்துக்கொள்ளும் வேறொரு தசையை அது பெருக்கிக்கொண்டது. பெரிய முதலையின் கழுத்தருகே தாடைக்குப் பின்னால் பந்துபோல் துருத்தி நிற்பது அதுதான். கொழுப்பென்று நினைத்துவிட வேண்டாம். மூடுவதற்கே இடமெல்லாம் செலவாகிவிட்டதால் வாயைத் திறக்கும் தசை மெலிந்து கிடக்கிறது. டன் கணக்கில் கடிக்கும் அதே வாயைப் பண்ணை ஊழியர்கள் ஒட்டுநாடாவால் கட்டிவிட முடிவது அதனால்தான்.

பேரத்தில் மிகப் பெரிய விலை வாயின் அகலம். தசையிழை தனக்கு ஏற்ற நீளத்தில் இருக்கும்போதுதான் முழு விசையைக் கொடுக்கும். அதற்கு மேல் இழுபட்டால் விசை மளமளவென்று குறையும். வாயை அகலத் திறக்கும்போது தாடைத் தசைகள் அப்படித்தான் இழுபடுகின்றன. இந்தச் சிக்கலின் உச்சத்துக்குப் போன விலங்கு, அமெரிக்கக் கண்டங்களில் ஏறக்குறைய 10,000 ஆண்டுகளுக்கு முன்புவரை வாழ்ந்த வாள்பல் பூனை ஸ்மைலடான். லாஸ் ஏஞ்சலிஸ் நகருக்குள்ளேயே இருக்கும் லா ப்ரீயா தார்க் குட்டைகளிலிருந்து அதன் எலும்புகள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. அவ்வளவு நீண்ட வாள்பற்களுக்கு அடியில் இரை நுழைய வேண்டுமானால் தாடை 90 பாகையைத் தாண்டித் திறந்தாக வேண்டும்; சிங்கத்துக்கு 65 பாகை போதும். அத்தனை அகலத் திறந்தும் பொட்டுத்தசை அறுந்துவிடாமல் இருக்க, அந்தத் தசை பற்றும் எலும்புமுனையை ஸ்மைலடான் தாழ்த்திக்கொண்டது. முனை தாழ்ந்தால் தசை குறைவாக இழுபடும். கூடவே நெம்புகோலின் கையும் குட்டையாகும், விசை போய்விடும். 2007-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கணினியில் மண்டையோட்டை மாதிரியாக்கிப் பார்த்தபோது, ஸ்மைலடானின் கடி அதே பருமனுள்ள சிங்கத்தின் கடியில் மூன்றில் ஒரு பங்குதான் என்று வந்தது. முன்னங்கால்களால் இரையைத் தரையோடு அழுத்தி, கழுத்துத் தசைகளின் பலத்தால் வாள்பற்களை இறக்கியிருக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். இவ்வளவு பலவீனமான கடியோடு ஒரு பெரிய வேட்டை விலங்கு லட்சக்கணக்கான ஆண்டுகள் தாக்குப்பிடித்தது என்றால், கடியின் வலிமைக்கு இத்தனை முக்கியத்துவம் எதற்கு? வலிமை எல்லா விலங்குக்கும் ஒரே மாதிரி முக்கியமில்லை என்பதைத்தான் ஸ்மைலடான் காட்டுகிறது. அதன் வேலைக்கு அகலம் தேவைப்பட்டது, அகலத்தை வாங்கியது. நேரெதிர் திசையில் போன விலங்கு கழுதைப்புலி. ஆப்பிரிக்காவின் புள்ளிக் கழுதைப்புலி வரிக்குதிரையின் தொடை எலும்பைப் பிளந்து மஜ்ஜையைத் தின்னும். நம் சீகூர்ப் பீடபூமியிலும் மாயாற்றுப் பள்ளத்தாக்கிலும் திரியும் வரிக் கழுதைப்புலியும் அதே தொழில்காரன்தான், பருமன் மட்டும் குறைவு. கலிஃபோர்னியாவில் பெர்க்லியில் வளர்க்கப்பட்ட புள்ளிக் கழுதைப்புலிகளிடம் 4,500 நியூட்டன் வரை அளந்திருக்கிறார்கள். அந்த ஆய்வில் என்னை நிறுத்திய விஷயம் வேறு. உடல் வளர்ந்து முடிந்த பிறகும் கழுதைப்புலியின் கடி கூடிக்கொண்டே போகிறது. எலும்பை உடைக்கும் மண்டையும் தசையும் உருவாகப் பல ஆண்டுகள் பிடிக்கின்றன. தாய் ஓராண்டுக்கு மேல் பால் கொடுத்தாக வேண்டும். வலிய கடிக்கான விலையில் ஒரு பங்கை இங்கே தாய் கட்டுகிறாள்.

விலங்குகளின் கடியைப் பட்டியல் போடவும் விஞ்ஞானிகள் முயன்றிருக்கிறார்கள். சிறிய விலங்குக்கும் பெரிய விலங்குக்கும் நேரடியாக ஒப்பீடு வைக்க முடியாது. தசையின் பரப்பு உடலின் நீளத்துக்கு வர்க்கமாகவும் எடை கனமாகவும் வளர்வதால், எடைக்கு எத்தனை மடங்கு என்று பார்த்தால் சிறியவை எப்போதும் ஜெயிக்கும். அமேசானின் கறுப்பு பிரான்யா மீன் தன் எடையைப் போல 30 மடங்கு விசையில், அதாவது 320 நியூட்டனில் கடித்தது பதிவாகியிருக்கிறது. இந்தச் சலுகையைக் கழித்துவிட்டு, எடைக்கு எதிர்பார்க்கக்கூடிய கடி 100 என்று வைத்து ஸ்டீபன் ரோவும் அவர் கூட்டாளிகளும் 2005-ல் ஒரு குறியீட்டை உருவாக்கினார்கள். சிங்கம் 112, புள்ளிக் கழுதைப்புலி 117, புலி 127. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியன் டெவில், ஒரு நாய்க்குட்டி அளவே இருக்கும் பைப்பாலூட்டி, 181 எடுத்தது. இதைவிட நேர்மையான பட்டியல் கிடையாது. இதிலும் ஓர் இடறல் இருக்கிறது. எலும்பை உடைக்கும் கழுதைப்புலி, எலும்பை உடைக்காத புலிக்குக் கீழே நிற்கிறது! காரணம், இந்த எண்கள் கோரைப்பல்லில் விழும் விசையைக் கணக்கிட்டவை. கழுதைப்புலி எலும்பைக் கோரைப்பல்லால் உடைப்பதில்லை. மூட்டுக்கு இன்னும் அருகே, கூம்பாகத் தடித்த முன்கடைவாய்ப்பல்லில் வைத்து உடைக்கிறது. அந்தப் பல்லின் எனாமல் இழைகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னப்பட்டிருப்பதால் விரிசல் விழுந்தாலும் ஓடிப் பரவாது. மேடாக வளைந்த நெற்றி எலும்பு கடியின் தாக்கத்தை மண்டை முழுவதும் பகிர்கிறது. எந்தப் பல்லில் அளந்தது என்று சொல்லாத எண் பாதி எண்.

பல்தான் முக்கியம் என்பவர்களின் வாதத்துக்கு இப்போது வரலாம். அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. இரையின் உடலில் என்ன நடக்கிறது என்பதை விசை மட்டும் தீர்மானிப்பதில்லை. அந்த விசை எத்தனை சிறிய பரப்பில் குவிகிறது என்பதும் சேர்ந்து தீர்மானிக்கிறது. திண்மையான எலும்பு நொறுங்கச் சதுர மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 150 முதல் 200 நியூட்டன் வேண்டும். டைரனோசாரஸ் ரெக்ஸின் பல்நுனியில் 718 முதல் 2,974 வரை இருந்திருக்கும் என்று பால் கிக்னாக்கும் எரிக்சனும் 2017-ல் கணக்கிட்டார்கள். எலும்பு வெடித்துத் தெறிக்க இது தாராளம். ஆனால் பல் விசையைக் குவிக்கும், உண்டாக்காது. முதலைகள் இதற்குச் சாட்சி: பின்னால் ஒரே எந்திரத்தை வைத்துக்கொண்டு, முன்னால் பல்லையும் முகவாயையும் மாற்றி மாற்றி மீனுக்கும் ஆமைக்கும் எருமைக்கும் ஏற்றபடி அமைத்துக்கொண்டன. இந்த வேறுபாடு தெரியாததால்தான் ‘நாயின் கடி இத்தனை பி.எஸ்.ஐ.’ என்று இணையத்தில் பட்டியல்கள் ஓடுகின்றன. பி.எஸ்.ஐ. என்பது சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்தக் கணக்கு. கருவிகள் அளப்பதோ விசையை. பல்நுனியின் பரப்பை யாரும் அளக்காமலேயே விசைக்கு அழுத்தத்தின் பெயரை ஒட்டிவிடுகிறார்கள். நாய் வாங்கப் போகிறவர்கள் அந்த அட்டவணைகளை நம்ப வேண்டியதில்லை.

இன்னொரு ஆட்சேபம் அளவீட்டைப் பற்றியது. விலங்கு தன் முழுப் பலத்தோடு கடித்தது என்பதற்கு என்ன உத்தரவாதம்? செத்துப்போன டைனோசரின் கடியைச் சொல்வது ஜோசியம் இல்லையா? முதல் கேள்வி நாய்களுக்கு நன்றாகவே பொருந்தும். தானாகக் கடிக்கும் நாயும் மின்சாரத்தால் தூண்டப்பட்ட தசையும் ஒரே எண்ணைத் தருவதில்லை. கயிற்றில் சிக்கிய முதலைக்குத் தூண்டுதல் குறைவு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தவிர, இத்தனை இனங்களின் எண்களும் உடல் எடையோடு ஒரே கோட்டில் வந்து விழுந்திருக்கின்றன. பாதிப் பலத்தில் கடித்திருந்தால் அவை சிதறியிருக்கும். டைனோசர் விஷயத்தில் ஐயம் நியாயமானது. 1996-ல் எரிக்சன், ட்ரைசெராடாப்ஸ் ஒன்றின் இடுப்பெலும்பில் பதிந்திருந்த டைரனோசாரஸின் பல்தடத்தை எடுத்துக்கொண்டு, அதே ஆழத்துக்கு மாட்டின் எலும்பில் உலோகப் பல்லை இறக்க எவ்வளவு விசை வேண்டும் என்று பார்த்தார்: 6,410 முதல் 13,400 நியூட்டன். 2012-ல் கணினி மாதிரி ஒன்று 35,000 முதல் 57,000 வரை என்றது. 2017-ல் வந்த கணக்கு ஏறக்குறைய 8,500 முதல் 34,500 வரை. தின்றுகொண்டிருக்கும்போது போட்ட கடியின் தடமும் அதிகபட்சக் கடியும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. தசைக்கு எத்தனை தடிமன் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்து மாதிரிகள் மாறும். என் தீர்ப்பு இது: ஒற்றை எண்ணைச் சொல்கிறவரை நம்ப வேண்டாம், வீச்சைச் சொல்கிறவரை நம்பலாம். வீச்சின் அடிமட்டத்தை எடுத்தால்கூட அந்த விலங்கு எலும்பை உடைத்தது என்பதில் மாற்றமில்லை.

வலிய கடி என்றதும் மூர்க்கத்தை நினைப்பதும் பிசகு. கொரில்லா ஆணின் தலையுச்சியில் புலிக்கு இருப்பதைப் போலவே எலும்பு வரப்பு இருக்கிறது. அது தின்பது தழையும் தண்டும். மூங்கில் தின்னும் பாண்டாவின் தாடைத் தசைகள் கரடிக் குடும்பத்திலேயே பெருத்தவை. கொறிணிகளில் பேரம் இன்னும் சுவாரசியமாக நடந்திருக்கிறது. அணிலின் கன்னத்தசை கண்ணுக்கு முன்னால் முகவாய்மீது படர்ந்து ஏறுவதால் முன்பல்லால் கொறிப்பதற்கு அது கெட்டிக்காரன். கினிப்பன்றியின் தசை அமைப்பு கடைவாயில் அரைக்கத் தோதானது. எலி இரண்டு அமைப்புகளையும் கலந்து வைத்திருக்கிறது. 2012-ல் இந்த மூன்றையும் கணினி மாதிரிகளில் ஒப்பிட்டார்கள். கொறிப்பதில் அணில் கினிப்பன்றியை விஞ்சியது, அரைப்பதில் கினிப்பன்றி அணிலை விஞ்சியது, எலி இரண்டிலும் சளைக்கவில்லை. உலகமெங்கும் எலி பரவியதற்கு இது ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் நெல்லையும் தேங்காயையும் மரப்பெட்டியையும் ஒரே வாயால் கையாளும் பிராணிக்கு இது கைகொடுக்காமல் இருந்திருக்காது.

மனிதனின் கதை இந்தக் கணக்கில் எங்கே நிற்கிறது? கடைவாயில் நம் கடி சராசரியாக 700 நியூட்டனை ஒட்டி இருக்கும். கன்னத்தசையும் பொட்டுத்தசையும் நம் உறவினக் குரங்குகளோடு ஒப்பிட்டால் மிகச் சிறியவை. 2004-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஹான்செல் ஸ்டெட்மன் குழு, குரங்குகளின் தாடைத் தசைக்குப் புரதம் தரும் ஒரு மரபணு மனிதர்களில் பழுதாகியிருப்பதைக் கண்டுபிடித்தது. 24 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அது பழுதானதால் தசை சிறுத்து, மூளை வளர மண்டையில் இடம் கிடைத்தது என்பது அவர்கள் கருத்து. கேட்க அழகான கதை. ஆனால் அடுத்த ஆண்டே வேறொரு குழு பழுதான காலத்தை 53 லட்சம் ஆண்டுகள் என்று பின்னுக்குத் தள்ளியது. அது சரியென்றால் மூளை பெருப்பதற்கும் இதற்கும் நடுவே நீண்ட இடைவெளி விழுந்துவிடும். நான் அந்த இடைவெளியின் பக்கம்தான் சாய்கிறேன். ஒரே மரபணுவில் மனிதனை விளக்குவது எப்போதுமே அவசரம். அதோடு, நம் கடி கேவலமானதும் இல்லை. முகம் குறுகிப் பற்கள் மூட்டுக்கு அருகே வந்துவிட்டதால், இருக்கிற கொஞ்சம் தசையிலிருந்து நாம் நல்ல பயனை எடுக்கிறோம். ஆனால் பின்னோரக் கடைவாய்ப்பல்லில் ஓங்கிக் கடித்தால் அந்தப் பக்கத்துத் தாடைமூட்டு இழுத்துப் பிரிக்கப்படும் நிலை வரும். அதைத் தவிர்க்கத் தசைகள் தாமாகவே பலத்தை அடக்கிக்கொள்கின்றன.

கடைசியாக, பல்லின் விலை. முதலைக் கடியின் துணிச்சலுக்குப் பின்னால் ஒரு வசதி இருக்கிறது: பல் உடைந்தால் அடியிலிருந்து இன்னொன்று வரும். அமெரிக்க முதலையான அலிகேட்டரின் ஒவ்வொரு பல்லும் வாழ்நாளில் 50 முறை வரை மாறக்கூடும் என்று 2013-ல் வந்த ஆய்வு சொல்கிறது. பாலூட்டிகள் அந்த வசதியை விட்டுக்கொடுத்து, மேல்பல்லும் கீழ்ப்பல்லும் கச்சிதமாகப் பொருந்தி மெல்லும் திறனை வாங்கிக்கொண்டன. பொருந்த வேண்டிய பல்லை அடிக்கடி மாற்ற முடியாது. நமக்குப் பால்பல்லுக்குப் பின் கிடைப்பது ஒரே ஒரு வரிசை; அதன் முதல் கடைவாய்ப்பல் ஆறு வயதிலேயே முளைத்துவிடுகிறது. அதன் எனாமல் தேய்ந்தாலும் உடைந்தாலும் உடம்பு அதைத் திரும்பக் கட்டித்தராது. சோடா மூடியைப் பல்லால் திறக்கிறவர்கள் ஓர் ஓப்பனர் வாங்கிவிடுவது நல்லது.